வண்ணம் பூசாத நாகம்

1962 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து விமானச் சரக்காக ஒரு கார் லாஸ் ஏஞ்சலிஸில் வந்து இறங்கியது. இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, பெயின்ட்கூட இல்லை. பக்கத்தில் சான்டா ஃபே ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் ஒரு நண்பரின் பட்டறைக்கு அதைக் கொண்டுபோய், ஃபோர்டு புதிதாகச் செய்திருந்த வி8 இன்ஜின் ஒன்றைச் சில மணி நேரத்தில் உள்ளே இறக்கினார்கள். உடனே ஓட்டியும் பார்த்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் வெற்று அலுமினியப் பாடியை இரும்புநார் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். பெயின்ட் பிறகுதான் வந்தது. இருந்ததே ஒரு கார். அதற்கு ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வொரு நிறம் பூசி அனுப்ப, கார்கள் வரிசையாகத் தயாராகி வருவதாக அமெரிக்கா நம்பியது. அந்தக் கார்தான் கோப்ரா. 2016இல் அது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

அதை உருவாக்கியவர் கரோல் ஷெல்பி. டெக்சாஸ்காரர். 1959இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற இருவரில் ஒருவர். இதய நோய் வந்து பந்தயத்தை விட்ட பிறகு, இங்கிலாந்தின் ஏசி நிறுவனத்துடைய இலகுவான ஸ்போர்ட்ஸ் காருக்குள் அமெரிக்க இன்ஜினை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1965இல் 7 லிட்டர் இன்ஜினுடன் வந்த 427 என்ற வகைதான் இன்றைக்கும் பலருடைய கனவில் ஓடுகிறது. எல்லா வகையும் சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் கோப்ராக்களே அப்போது தயாராயின. ஆசைப்படுகிறவர்களோ லட்சக்கணக்கில். அதனால்தான் உலகிலேயே அதிகம் நகலெடுக்கப்பட்ட கார்களில் ஒன்றாக அது ஆனது. நகல்களில் பெரும்பாலானவை கண்ணாடியிழையால் ஆனவை. அச்சில் வார்த்து எடுத்து, மேலே பெயின்ட் அடித்தால் முடிந்தது. நாம் பார்க்கப் போவது இன்னொரு வகையை. அசலைப் போலவே அலுமினியத் தகட்டில் கையால் பாடி கட்டி, பெயின்டே அடிக்காமல் விட்ட நகல்.

இதற்கு ஒரு வினோதமான பிறப்பிடம் உண்டு. போலந்தின் மியெலெட்ஸ் நகரத்தில் சோவியத் காலத்து விமானத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1950களில் மிக் போர் விமானங்களை உரிமம் பெற்று அங்கே கட்டினார்கள். பிறகு ஆன்-2 என்ற இருதள இறக்கை விமானத்தை ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். பனிப்போர் முடிந்ததும் ஆர்டர்கள் வற்றின. தகட்டை வளைக்கத் தெரிந்த கைகள் சும்மா இருந்தன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ நகரைச் சேர்ந்த டேவிட் கிர்க்கம் 1990களின் நடுவில் அங்கே போய்ச் சேர்ந்தார். போர் விமானத்தின் தோலைத் தட்டிய கைகளைக் கொண்டு கோப்ராவின் தோலைத் தட்ட வைத்தார். வேலை எவ்வளவு சுத்தமாக வந்தது என்றால், பின்னாளில் ஷெல்பியின் நிறுவனமே தன் மறுதயாரிப்புக் கார்களுக்கு அலுமினியப் பாடிகளை அவரிடம் வாங்கியது. வாங்குபவர்களில் பலர் பெயின்டே வேண்டாம் என்றார்கள். பெயின்ட் அடித்துவிட்டால் அந்தக் கைவேலை கண்ணில் படாதே!

கைவேலையின் கடினம் எங்கே இருக்கிறது? கோப்ராவின் மட்கார்டைப் பாருங்கள். முன்னிருந்து பின்னாகவும் வளைகிறது, மேலிருந்து கீழாகவும் வளைகிறது. ஒரு தாளை உருளையாகச் சுருட்டுவது எளிது. அதே தாளால் ஒரு பந்தைச் சுற்றிப் பாருங்கள், சுருக்கம் விழாமல் முடியாது. ஒரு பரப்பை இழுக்காமலும் நெருக்காமலும் வளைத்தால், அதன் உள்ளார்ந்த வளைவு மாறவே மாறாது என்று 1827இல் ஜெர்மன் கணித மேதை காஸ் நிறுவினார். தட்டைத் தகடு மட்கார்டு ஆக வேண்டுமென்றால், அதன் நடுப்பகுதி விரிந்தே ஆக வேண்டும் அல்லது ஓரங்கள் சுருங்கியே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்த விரிப்பைச் செய்யும் கருவிக்கு ‘இங்கிலீஷ் வீல்’ என்று பெயர். ஆள் உயரத்தில் ஆங்கில ‘சி’ எழுத்து வடிவ இரும்புச் சட்டம். அதன் வாயில் மேலும் கீழுமாக இரண்டு எஃகுச் சக்கரங்கள். மேல் சக்கரம் தட்டை, கீழ்ச் சக்கரத்தின் முதுகு லேசாகப் புடைத்தது. இரண்டுக்கும் நடுவில் தகட்டைக் கொடுத்து, இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னுமாகத் தள்ளி இழுக்க வேண்டும். சக்கரம் போன தடத்தில் தகடு மிக மிகச் சிறிதளவு நசுங்கி மெலிகிறது. மெலிந்த உலோகம் எங்கே போகும்? பக்கவாட்டில் பரவுகிறது. நடுவில் அதிகமும் ஓரத்தில் குறைவுமாக உருட்டினால், நடுப்பகுதியின் பரப்பு கூடி, இடம் போதாமல் மேலே எழும்புகிறது. சில நூறு தடங்களுக்குப் பிறகு தட்டையாக இருந்தது குவிமாடமாகிவிடுகிறது. தடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போக வேண்டும். விட்டுப்போனால் வரிவரியாகத் தெரியும், ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போனால் அங்கே புடைக்கும்.

வளைவு சரியாக இருக்கிறதா என்று கைவினைஞர் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை. உள்ளங்கையை வைத்து நீளவாக்கில் மெதுவாக இழுக்கிறார். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. தோலின் உராய்வு குறைந்தால் மேடுபள்ளம் துல்லியமாகத் தெரியும். விரலின் இந்தத் திறன் வெறும் நம்பிக்கை இல்லை. ஸ்வீடனின் கேடிஎச் ஆய்வாளர்கள் 2013இல் செய்த சோதனையில், 13 நானோமீட்டர் உயரமே உள்ள நுண்சுருக்கங்களைக்கூட மனித விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தது. நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு.

தட்டத் தட்ட, உருட்ட உருட்ட அலுமினியம் முரண்டு பிடிக்க ஆரம்பிக்கும். உலோகத்துக்குள் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கின்றன. அடுக்கில் ஆங்காங்கே ஒரு வரிசை பாதியில் நின்றுபோயிருக்கும். இந்தக் குறைக்கு ‘இடப்பிறழ்வு’ என்று பெயர். தகடு வளையும்போது நகர்வது இந்தக் குறைகள்தான். உலோகம் உடையாமல் வளைய முடிவதே இவற்றின் தயவில். அடி விழ விழ இவை பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். தகடு இறுகிவிடும், மேலும் அடித்தால் கீறல் விடும். அப்போது சூடாக்கி ஆற விட வேண்டும். வெப்பத்தில் அணுக்கள் அசைந்து தங்களை மறுபடி அடுக்கிக்கொள்ள, சிக்கல் அவிழ்கிறது. இதைக் காய்ச்சி ஆற்றுதல் என்பார்கள்.

எவ்வளவு காய்ச்சுவது? இரும்பு என்றால் பிரச்சினையே இல்லை, சிவக்கும், மஞ்சளாகும், பார்த்தே சொல்லிவிடலாம். அலுமினியமோ உருகப்போவதற்கு ஒரு கணம் முன்புவரை அதே வெள்ளி நிறத்தில்தான் இருக்கும். 660 டிகிரி செல்சியஸில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பொத்தென்று ஓட்டை விழும். பட்டறைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைக்கிறது. சாதாரணக் குளியல் சோப்புக் கட்டியால் தகட்டின் மேல் ஒரு கோடு இழுக்கிறார்கள். பின்பு தீச்சுவாலையை அங்குமிங்கும் ஆட்டிக் காட்டுகிறார்கள். சோப்புக் கோடு பழுப்பாகி, கறுத்ததும் சுவாலையை எடுத்துவிட வேண்டும். சோப்பு கருகும் வெப்பநிலையும் அலுமினியம் இளகும் வெப்பநிலையும் 350 டிகிரியை ஒட்டி அருகருகே அமைந்திருக்கின்றன. சில ரூபாய் சோப்பு ஒரு வெப்பமானியாகிவிட்டது.

ஒரு கோப்ராவின் பாடி பல துண்டுகளாகச் செய்யப்பட்டு, பிறகு பற்றவைக்கப்படுகிறது. இங்கேதான் வண்ணம் பூசாத கார் தன் கடுமையைக் காட்டுகிறது. சாதாரணக் கார் என்றால் டிங்கரிங் முடிந்ததும் பட்டி பார்ப்பார்கள். பள்ளங்களைப் பட்டி நிரப்பிவிடும், தேய்த்து பெயின்ட் அடித்தால் குறை எதுவும் தெரியாது. இங்கே ஒரு துளி பட்டிகூட வைக்க முடியாது. பற்றவைத்த தையலைச் சுத்தியலால் தட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்தை உலோகத்தாலேயே சமன்செய்ய வேண்டும். பற்றவைக்கும் கம்பியிலும் கவனம் வேண்டும். சிலிக்கன் கலந்த கம்பி சுலபமாக ஓடும், கீறலும் விடாது. ஆனால் தையல் சற்றே சாம்பல் நிறத்தில் தனித்துத் தெரியும். ஆகவே தகட்டோடு நிறம் ஒத்துப்போகும், ஏறக்குறைய தூய அலுமினியக் கம்பியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை கடினம்தான், ஆனால் பிறகு தையல் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது.

பற்றவைப்பதிலேயே இன்னொரு புதிர் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடுப் படலம் இருக்கிறது, அதாவது உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த மெல்லிய தோல். உலோகம் 660 டிகிரியில் உருகும், அந்தத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் திரவமாகிவிட்ட பிறகும் மேலே தோல் கெட்டியாகவே நின்று, இரு துண்டுகளும் கலக்காமல் தடுக்கும். பழைய காலத்தில் ஃபுளோரைடு, குளோரைடு உப்புகள் கலந்த பசையைப் பூசி அதைக் கரைத்தார்கள். ‘டிக் வெல்டிங்’ என்ற மின் பற்றவைப்பில் மின்சாரமே அந்த வேலையைச் செய்கிறது. மாறுதிசை மின்னோட்டம் விநாடிக்கு 100 முறையோ அதற்கு மேலுமோ திசை மாறுகிறது. ஒரு திசையில் பாயும்போது உலோகத்தை உருக்குகிறது. மறுதிசையில் பாயும்போது மேல்தோலை உடைத்துச் சிதறடிக்கிறது. உருக்குவதும் சுத்தம் செய்வதும் மாறி மாறி, கண் பிரித்தறிய முடியாத வேகத்தில் நடக்கின்றன.

இந்தத் தோல்தான் நம் கதையின் நாயகன். இதைப் புரிந்துகொண்டால் வண்ணம் பூசாத காரின் பராமரிப்பு முழுவதும் புரிந்துவிடும். அலுமினியம் சாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஆக்சிஜன் மேல் வெறி கொண்ட உலோகம். விண்வெளி ஓடத்தைத் தூக்கிச் சென்ற பக்கவாட்டு பூஸ்டர்களில் எரிந்த முக்கிய எரிபொருள் அலுமினியத் தூள். அந்த பூஸ்டர்களும் இதே யூட்டா மாநிலத்தில்தான் தயாராயின. அப்படிப்பட்ட உலோகத்தால் செய்த கார் ஏன் காற்றில் கரைந்துபோகவில்லை? புதிதாகச் சுரண்டிய அலுமினியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் இமைப்பொழுதில் உருவாகிவிடுகிறது. வறண்ட காற்றில் 2 முதல் 4 நானோமீட்டர் தடிமனுக்கு வந்ததும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனை எட்ட இப்படி இருபதாயிரம் படலங்களுக்கு மேல் அடுக்க வேண்டும்! அவ்வளவு மெல்லியது, ஆனாலும் காற்று அதைத் தாண்டி உள்ளே போக முடியாது.

இரும்பும் ஆக்சிஜனோடு சேர்கிறது, ஆனால் துரு காப்பாற்றுவதில்லை. காரணம் இடநெருக்கடி. துரு தான் தின்ற இரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. இடம் போதாமல் உப்பி, பொருக்காக உதிர்ந்து, அடுத்த அடுக்கைக் காற்றுக்குக் காட்டிவிடுகிறது. அலுமினிய ஆக்சைடு கேட்கும் கூடுதல் இடம் 28 சதவீதம்தான். அதனால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, இடைவெளியும் விடுவதில்லை. நீலக்கல்லும் மாணிக்கமும் வேதியியல்படி இதே சேர்மம்தான். அவற்றில் அணுக்கள் படிக ஒழுங்கில் நிற்கின்றன, இந்தப் படலத்தில் அந்த ஒழுங்கு இல்லை. கீறல் விழுந்தால் கீறலுக்குள்ளும் அதே கணத்தில் புதிய தோல் முளைக்கிறது. எந்த பெயின்டுக்கும் இந்த வித்தை தெரியாது.

அப்படியென்றால் பெயின்ட் அடிக்காத கோப்ராவைப் பாலிஷ் போடவே தேவையில்லையா? பாதுகாப்புக்காக என்றால் தேவையில்லை. யூட்டாவைப் போன்ற வறண்ட ஊரில் தொடாமல் விட்டாலும் மங்கிய சாம்பல் நிறத்தில் பல்லாண்டு நிற்கும். பாலிஷ் என்பது முழுக்க முழுக்க வெளிச்சத்தின் விவகாரம்.

உலோகத்துக்குள் கட்டவிழ்ந்து திரியும் எலக்ட்ரான்கள் தங்கள்மேல் விழும் ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புகின்றன. அலுமினியம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்புகிறது. கலிபோர்னியாவின் பாலமர் மலையில் இருக்கும் 5 மீட்டர் தொலைநோக்கியின் ஆடிக்குக்கூட அலுமினியப் பூச்சுதான். ஆனால் திருப்பினால் மட்டும் போதாது, எல்லாக் கதிர்களையும் ஒழுங்காகத் திருப்ப வேண்டும். பரப்பின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருந்தால் கதிர்கள் கண்டபடி சிதறி, வெண்சாம்பலாகத் தெரியும். ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். மேடுபள்ளம் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் தகடு முகம் பார்க்கும் கண்ணாடியாகிறது. மங்கலுக்கும் பளபளப்புக்கும் இடையில் வேதியியல் வேறுபாடு ஏதும் கிடையாது. வேறுபாடு மேடுபள்ளத்தின் உயரத்தில் மட்டுமே.

ஆகவே வேலை, மலைகளைப் படிப்படியாகச் சிறிதாக்குவது. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி மேலும் மேலும் நைசான தாளுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கீறல்களைக் குறுக்குவாட்டில் அழித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரு கட்டத்தைத் தாண்டிக் குதித்தால் ஆழமான கீறல் அடியிலேயே தங்கி, கடைசிப் பளபளப்பில் கோடாக எழுந்து நிற்கும். பிறகு துணிச்சக்கரமும் பசையும். பழைய விமானங்களைப் பளபளப்பாக்கப் பயன்படும் இரட்டைத் தலை பாலிஷ் இயந்திரங்களை இவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒற்றைச் சக்கரம் ஒரே திசையில் சுழன்றால் சுழல் தடங்கள் விழும். இரண்டு தலைகள் ஒன்றின் தடத்தை ஒன்று அழித்துக்கொண்டே நகர்வதால் எந்தத் திசையும் மிஞ்சுவதில்லை.

கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருக்கும். வெள்ளைத் துணி, வெளிர் நிறப் பசை, வெள்ளியாய் மின்னும் தகடு. நாலு தேய்ப்பில் துணி கரிப்பானையைத் துடைத்ததுபோல் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டுத் தேய்த்தால் மறுபடியும் கறுப்பு. அது அழுக்கே அல்ல, அலுமினியம். மிக நுண்ணிய துகள்களாக உதிர்ந்த உலோகத்தின் நடுவில் நுழைந்த ஒளி, துகளுக்குத் துகள் மோதி மோதி வெளியே வர வழியில்லாமல் தீர்ந்துபோகிறது. தகடாக இருந்தபோது 90 சதவீத ஒளியைத் திருப்பிய அதே பொருள், தூளானதும் ஒளியை விழுங்குகிறது. அந்தக் கறுப்பு இன்னொரு செய்தியையும் சொல்கிறது: பாலிஷ் போடுவது என்றால் உலோகத்தைக் கழிப்பது. கவலைப்பட வேண்டுமா? தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு முறையும் ஒரு மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொண்டாலும், தகடு தீர ஆயிரம் முறைக்கு மேல் போட வேண்டியிருக்கும். பெயின்ட் அடிக்காத விமானங்களுக்கு இந்த நிம்மதி இல்லை. அவற்றின் வலுவான கலப்புலோகத்தின் மேல் தூய அலுமினியம் மெல்லிய போர்வையாக ஒட்டியிருக்கும். பாலிஷ் அந்தப் போர்வையைத் தின்றுவிட்டால் கீழே இருப்பது எளிதில் அரிபடும் உலோகம்.

கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. என் ஓட்டும் அவர்களுக்கே. அவர்கள் நைலான் நார்ப்பட்டையால் பாடி முழுவதையும் ஒரே திசையில், நீளவாக்கில் இழுத்து இழைகோடு போடுகிறார்கள். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார் இருக்கிறதே, அதே வகைப் பொருள்தான், இன்னும் நைசான தரம். நுண்கோடுகள் ஒளியைத் தங்களுக்குக் குறுக்காக விசிறுகின்றன. அதனால் சூரியனின் பிம்பம் புள்ளியாக விழாமல் மட்கார்டின் மேல் ஒரு நீண்ட ஒளிப்பட்டையாக விரிகிறது. நடந்துகொண்டே பார்த்தால் பட்டையும் வளைவோடு வழுக்கிக்கொண்டே வரும். சின்னக் கீறல் விழுந்தால் அதே நாரால் அதே திசையில் சில இழுப்பு, கீறல் கோடுகளுக்குள் கலந்து மறைந்துவிடும். கண்ணாடிப் பளபளப்பில் அதே கீறலைப் போக்க உப்புத்தாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

இனி எதிரிகளைப் பார்ப்போம். ஆக்சைடுத் தோல் சற்றுப் புளிப்பிலிருந்து சற்றுக் காரத்தன்மை வரையிலான நீரில் அசையாது. கடுமையான அமிலமும் கரைக்கும், கடுமையான காரமும் கரைக்கும். இரண்டுக்கும் இணங்கும் அபூர்வ குணம் அதற்கு. கார் கழுவும் கடைகளில் சக்கரங்களுக்கு அடிக்கும் காரத் திரவம் இந்தக் காரின் மேல் பட்டால் நிமிடங்களில் கறை விழும். அலுமினிய இட்லிக் குண்டானின் உட்புறம் தண்ணீர் நின்ற உயரம்வரை கறுத்திருப்பதையும், அடுத்த முறை தண்ணீரில் துளி புளி போட்டால் கறுக்காமல் இருப்பதையும் கவனித்தவர்களுக்கு இந்த வேதியியல் ஏற்கெனவே தெரியும். கொதிக்கும் காரநீர் தோலைக் கெடுத்துத் தடித்த, நிறம் மாறிய படலமாக்குகிறது. புளியின் அமிலம் அந்தக் காரத்தைத் தணிக்கிறது. பறவை எச்சம், நின்று காய்ந்த மழைநீர், வியர்வை படிந்த கைரேகை எல்லாமே தடம் விடும். வினோதமாக, பெயின்ட் அடித்த கார்க்காரர்கள் நடுங்கும் பிரேக் ஆயில் இங்கே ஒன்றும் செய்வதில்லை. அது தின்பது பெயின்டை, இங்கே பெயின்டே இல்லை.

பெரிய எதிரி உப்பு. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் தோலின் பலவீனமான புள்ளிகளில் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்கும். குழிக்குள் நீர் தேங்கி அமிலமாகி, துளை தன்னைத்தானே ஆழமாக்கிக்கொண்டு போகும். அமெரிக்காவில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அந்த மாதங்களில் இந்தக் கார் கொட்டகையை விட்டு வெளியே வராது. உப்புநீர் இன்னொரு கேட்டையும் செய்யும். அலுமினியத் தகடு உட்கார்ந்திருப்பது எஃகுக் குழாய்களின் மேல். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம். அங்கே ஒரு பேட்டரி உருவாகிவிடுகிறது. இதில் தேய்வது அலுமினியம். இதைக் கால்வானிக் அரிப்பு என்பார்கள். ஏசி நிறுவனத்தின் பழைய கார்களில் குழாயைச் சுற்றித் தகடு மடிந்த இடங்களில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது இதனால்தான். இடையில் ஈரம் உறிஞ்சாத பட்டையோ பூச்சோ வைத்து மின்தொடர்பைத் துண்டிப்பதே மருந்து. அளவுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய அலுமினியத் தகட்டில் ஒரு சின்ன எஃகு ரிவெட் என்றால் அரிப்பு பரந்து மெதுவாகும். பெரிய எஃகுத் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் என்றால் ரிவெட் சீக்கிரமே காணாமல் போகும்.

இத்தனை தொல்லைக்கு நிறமற்ற வார்னிஷ் அடித்துவிடலாமே என்று தோன்றும். பலர் அடித்திருக்கிறார்கள். பளபளப்பான பரப்பில் பூச்சுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஒரு கல் தெறித்த இடத்தில் ஈரம் புகுந்தால், பூச்சுக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம்போல மெல்லிய இழைகளாக அரிப்பு நெளிந்து போகும். அதைச் சரிசெய்ய முழுப் பூச்சையும் உரிக்க வேண்டும். எனவே விஷயம் தெரிந்தவர்கள் மெழுகோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் கைரேகைக்காகத்தான்.

வெயிலில் நிறுத்தினால் இன்னொரு வியப்பு. ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் பரப்பு குளுகுளுவென்றுதானே இருக்க வேண்டும்? தொட்டால் சுடும். பளபளக்கும் அலுமினியம் சூரிய வெப்பத்தைக் கொஞ்சமாக வாங்குகிறது, ஆனால் வாங்கியதை வெளியே கதிர்வீச அதற்குத் தெரியாது. அதே சூட்டில் ஒரு கரும்பரப்பு வெளியேற்றும் வெப்பக்கதிரில் 20இல் ஒரு பங்கைத்தான் அது வெளியேற்றும். வெள்ளை பெயின்ட் அலுமினியத்தைவிடச் சற்று அதிகம் வாங்கினாலும் தாராளமாக வெளியே கொடுத்துவிடுகிறது. காற்று அசையாத நண்பகலில் வெள்ளைக் கார் தப்பிக்கும், கண்ணாடிக் கார் காயும். காயும்போது நீளவும் செய்கிறது. 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவான இந்தப் பாடி 40 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அடியிலிருக்கும் எஃகுச் சட்டம் அதே சூட்டில் நீள்வது அதில் பாதி. இந்த வித்தியாசம் நகர இடம் விட்டுக் கட்டாவிட்டால் தகடு எங்கேயாவது புடைத்தாக வேண்டும்.

ஓட்டும்போது அடி வெளியிலிருந்து வரும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் அதிகம் வருவது உள்ளிருந்து. டயர் கவ்வி எறியும் ஜல்லி, மட்கார்டின் உட்புறத்தில் மோதி, வெளியே சின்னஞ்சிறு கொப்புளங்களாகத் தகட்டைப் புடைக்க வைக்கும். அதனால் முதல் சவாரிக்கு முன்பே மட்கார்டின் உட்புறத்தில் தடித்த ரப்பர்ப் பூச்சு அடித்துவிடுகிறார்கள். கொப்புளம் வந்துவிட்டால் பின்னால் ஒரு இரும்புக் கட்டையை வைத்துப் பிடித்து, முன்னால் மெல்லத் தட்ட வேண்டும். அதிகம் தட்டினால் பழையபடி இங்கிலீஷ் வீலின் விதிதான்: தகடு மெலிந்து விரியும், விரிந்த இடம் தட்டையாக உட்காராமல் விரலால் அமுக்கினால் டொக் என்று உள்ளே போய் டொக் என்று வெளியே வரும்.

கடைசியாகக் கண்காணிக்க வேண்டியது உலோகச் சோர்வு. எஃகை ஒரு எல்லைக்குள் எத்தனை கோடி முறை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு பத்திரமான எல்லை கிடையாது. எவ்வளவு சின்ன அதிர்வானாலும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். 7 லிட்டர் இன்ஜினின் நடுக்கம் ஒவ்வொரு பயணத்திலும் அந்தக் கணக்கில் சேர்கிறது. விரிசல் பெரும்பாலும் பானெட் திறப்பின் மூலைகளிலும், ரிவெட் துளைகளின் ஓரத்திலும், கீல் பொருத்திய இடங்களிலும் தொடங்கும். பெயின்ட் அடித்த காரில் அது வெகுநாள் ஒளிந்திருக்கும். இங்கே பாலிஷ் துணியின் நூல் மாட்டிக்கொண்டதும் தெரிந்துவிடும். கண்டுபிடித்ததும் செய்யும் முதல் வேலை கேட்க விபரீதமாக இருக்கும். விரிசலின் நுனியில் துல்லியமாக ஒரு ஓட்டை போடுகிறார்கள். கூரான நுனியில்தான் இழுவிசை முழுவதும் குவிந்து உலோகத்தைக் கிழிக்கிறது. நுனி வட்டமாகிவிட்டால் விசை வட்டத்தைச் சுற்றிப் பரவி, கிழிக்கப் போதாமல் போகிறது. விரிசல் அதே இடத்தில் நின்றுவிடும். அடுத்த குளிர்காலத்தில், கார் கொட்டகையில் நிற்கும் மாதங்களில், அதே நிறக் கம்பியால் விரிசலையும் ஓட்டையையும் பற்றவைத்து அடைத்து, தட்டி, ராவி, நார்ப்பட்டையால் நீளவாக்கில் இழுத்துவிட்டால் போதும்.